முட்டை வாங்கிய நாய்

நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கிய முதல் நாய், பதக்கம் வாங்க மேடை ஏறிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஓடவில்லை, ஒளியவில்லை, நின்ற இடத்தில் நின்றபடியே இல்லாமல் போனது. கழுத்துப்பட்டையும், வழிகாட்டும் நாய்க்குப் போடுகிற கைப்பிடி வைத்த மார்புப்பட்டையும் மட்டும் முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் நின்றன. தலைமை விருந்தினர் எத்தனையோ மேடை பார்த்தவர், இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. குனிந்து, பட்டையின் மேல் பதக்கத்தை மாட்டி, காற்றை இரண்டு தட்டு தட்டிக்கொடுத்து, நல்ல நாய் என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. மறுநாள் செய்தித்தாளில் பதக்கம் தெளிவாக வந்திருந்தது. நாய் படத்தில் சரியாக விழவில்லை என்று அடியில் பொடியாகப் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பத்தியில் வெங்காய விலை இருந்தது. ஜனங்கள் அதைத்தான் முதலில் படித்தார்கள்.

கூட்டத்தில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். அந்த நாய்க்கு நூறு போட்டவளே அவள்தான் என்பதுதான் வேடிக்கை. வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் ஏதோ ஒன்று. பணிநாய்த் தேர்வு நிலையத்தில் காவலாளி முதல் கால்நடை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவள் முட்டையம்மா. நாய்களுக்கு முட்டை மதிப்பெண் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பார்வையற்றவருக்கு வழிகாட்ட வந்த நாயோ, சரக்கை மோப்பம் பிடிக்க வந்த நாயோ, நோயாளிக்குத் துணையிருக்க வந்த நாயோ, எதுவானாலும் அவளுடைய அறைக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். தகரக் கூரை போட்ட நீள அறை. ஒரு மூலையில் பட்டென்று விரியும் கறுப்புக் குடை, இன்னொரு மூலையில் கீழே போடுவதற்கென்றே வைத்த அலுமினியத் தட்டு, நடுவில் ஒரு துண்டு இறைச்சி, ஒரு சக்கர நாற்காலி, முதுகைத் தட்டினால் அழுகிற பொம்மைக் குழந்தை. அவள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நாயின் காது ஒரு நூல் அசைந்தால் அவள் பேனாவும் அசையும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. பழைய இயக்குநர் நாயைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார், பேருந்தில் ஏறுவார், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார், திரும்பி வந்து இது தேறும், இது தேறாது என்று ஒரு வார்த்தை சொல்வார். ஏன் என்று கேட்டால் மண்டையைச் சொறிவார். அவர் ஓய்வு பெற்றதும், எடைக்கல்லுக்கு முத்திரை குத்துகிற அலுவலகத்திலிருந்து புதியவர் ஒருவர் மாற்றலாகி வந்தார். தங்கமான மனிதர், கை சுத்தம், ஒரே ஒரு குறை: நாய் என்றால் அவருக்கு உயிரே போய்விடும். மாடியில் கண்ணாடி ஜன்னல் போட்ட அறையில் இருந்துகொண்டு ஒலிபெருக்கி வழியாகத்தான் நிர்வாகம் நடத்தினார். வந்ததும் ஊழியர்களைக் கூட்டி, நல்ல நாய் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள், கைகலப்பு வராத குறை. சரி, என்னென்ன செய்யக் கூடாது என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். குரைக்கக் கூடாது, முகரக் கூடாது, பயப்படக் கூடாது, இறைச்சியைப் பார்க்கக் கூடாது, வாலை ஆட்டக் கூடாது, சொன்ன சொல்லை மீறக் கூடாது என்று மொத்தம் பத்து சேர்ந்தது. இயக்குநரின் முகம் மலர்ந்தது. அளக்கிற மாதிரி ஒன்று கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கூடாதுக்கும் பத்து மதிப்பெண். நாற்பது எடுத்தால் தேர்ச்சி. பேனா பிடித்தவர் போட்டதே முடிவு, அதை மாற்ற இயக்குநருக்கே அதிகாரம் இல்லை என்று அவரே சட்டம் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நாய்கள் மங்கத் தொடங்கின. முதலில் கவனித்தவர் கூண்டு கழுவுகிறவர். குளிப்பாட்டும்போது ஒரு நாயின் மூக்கைக் காணவில்லை என்று வந்து சொன்னார். வடிகாலில் தேடினீர்களா என்று கேட்டார்கள். போய்த் தேடிவிட்டு வந்து, அங்கேயும் இல்லை என்றார். முகராமல் இருந்ததற்காக அந்த நாய் முந்தின நாள்தான் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தது. குரைக்காமல் இருந்து பத்து வாங்கிய நாய்க்குத் தொண்டை இருந்த இடத்தில் எதிர்ச்சுவர் தெரிந்தது. குடைக்கு அசையாதவற்றுக்குக் காது போனது. எண்பது எடுத்தவை, பென்சிலால் வரைந்து பாதி அழித்த படம் மாதிரி நடமாடின. தடவிப் பார்த்தாலும் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கால்நடை மருத்துவர் நன்றாகப் பரிசோதித்து, இல்லாத உறுப்புகளில் நோய் எதுவும் இல்லை என்று சான்று கொடுத்தார். பயிற்சி உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். சோபாவில் முடி ஒட்டாது, தீனிச் செலவு கிடையாது, பின்னால் போய் அள்ள வேண்டியதும் இல்லை. மேலிடம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

வெளியே அனுப்பிய நாய்களும் நிலையத்தின் பெயரைக் காப்பாற்றின. துறைமுகத்தில் மூக்கில்லாத மோப்ப நாய்கள் வரிசையாக நின்றன. வருடம் முழுக்க எதுவும் பிடிபடவில்லை. கடத்தல் அடியோடு ஒழிந்தது என்று அறிவித்து, அங்கிருந்த அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கிடங்குகளில் நிறுத்திய காவல் நாய்கள் திருடனைக் கண்டும் வாய் திறக்கவில்லை. சத்தமே இல்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று அக்கம்பக்கத்தார் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கிடங்கு காலியானது வேறு விஷயம். பார்வையற்றவர்கள் சிலர் மட்டும் சாக்கடையில் விழுந்ததாக முறையிட்டார்கள். நேராகப் போ என்று சொன்னீர்களா என்று அவர்களைக் கேட்டார்கள். சொன்னோம். நேராகப் போனதா? போனது. அப்புறம் என்ன குறை என்று சொல்லி, கையில் ஒரு விளக்கப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பொடி எழுத்தில் அச்சடித்தது.

முட்டையம்மாவுக்கு இதில் எங்கேயாவது உறுத்தியதா என்றால், இல்லை. அவள் கவலை வேறாக இருந்தது. அவளுக்கு ஒரே அண்ணன். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், தலை நரைக்கும் வரை பேருந்து ஓட்டியவர். சர்க்கரை வியாதி அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வண்டியை விட்டு இறக்கிவிடப்பட்ட அன்று தங்கை வீட்டுப் பின்னறைக் கட்டிலில் வந்து உட்கார்ந்தவர்தான். கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே அவள் ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தக் கயிறுதான் இப்போது அவருடைய ரூட். கால்கள் சூம்பிக்கொண்டே வந்தன. இவர் வெளியே இறங்கி நடக்காவிட்டால் கால் நடையை மறந்துவிடும், அப்புறம் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் எழுந்து தெருவில் நடக்க வேண்டும், உலகத்தில் வேறு எது எப்படிப் போனாலும் அவளுக்குச் சரி. ஆனால் நாய் என்று பேச்செடுத்தாலே அவர் எரிந்து விழுவார்.

"அம்பது பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில வண்டி ஓட்டினவன் பாப்பா நான். என்னை ஒரு நாய் ஓட்டணுமா?"

"அது ஓட்டாதுண்ணா. நீங்க சொன்னபடி கேக்கும்."

"சொன்னபடி கேக்கிறவனை நான் கண்டக்டராக்கூட வெச்சுக்கிட்டதில்ல. நான் கிளப்புன்னாலும், ஆள் இறங்குறாங்க, நிறுத்துய்யான்னு கத்துறவன்தான் கண்டக்டர்."

நாற்பது தாண்டிய தங்கையை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற மனிதரின் பேச்சை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நச்சரித்து, அழுது, இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தாள். நிலையத்திலேயே உசத்தியான நாயைத் தேர்ந்தெடுத்தாள். தொண்ணூற்றொன்பது வாங்கியது, முதல் தடவை அவளைப் பார்த்தபோது வாலை ஒரே ஒரு முறை ஆட்டியதற்காக ஒன்று போயிருந்தது. அதனால் பட்டைக்குப் பின்னால் வால் நுனி மட்டும், ஒரு பஞ்சுத் துணுக்கு மாதிரி மிதந்து வரும். அண்ணன் கைப்பிடியைப் பிடித்தார், பிறகு பட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"பட்டை இருக்கு. நாய் எங்க?"

"அதுக்குள்ளதாண்ணா இருக்கு."

"காத்துதான் இருக்கு."

"அதுதாண்ணா தரம்," என்றாள்.

காலை வெயிலில் மூன்று பேருமாக இறங்கினார்கள். மூன்று என்று கணக்கு வைத்துக்கொண்டால். அவள் பழக்க தோஷத்தில் அட்டையும் பேனாவுமாகப் பின்னால் நடந்தாள். அண்ணன் நேராகப் போ என்றார். நாய் நேராகப் போனது. தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க ஆளுயரப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவள் கண் பட்டையின் மேலேயே இருந்தது, தெருவின் மேல் இல்லை. நாய்க்கோ எடையே கிடையாது. பள்ளத்தின் மேலே காற்றில் நடந்து, ஒரு துளி மண் உதிராமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அண்ணன் உள்ளே போனார். அவருடைய அலறலைக் கேட்டுக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். நாய் மறுகரையில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அவள் அண்ணா என்று கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்துவதற்கு முன்பே அவள் கை, பதற்றப்படவில்லை என்ற கட்டத்தில் பத்து போட்டுவிட்டிருந்தது. அந்தப் பத்தைப் பார்த்தபடி அவள் தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட்டவர்கள், பாவம், அண்ணன் மேல் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

கணுக்கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் அண்ணன் கோபப்படக்கூட இல்லை. கட்டுப் பிரிச்சாலும் இனி நான் இறங்க மாட்டேன் பாப்பா, அந்தக் கயித்தையும் அவுத்துடு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நிலையத்துக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். இயக்குநர் மாடியிலிருந்து முழுக்கக் கேட்டார். நாய் நேராகப் போனதா என்றார். போனது. அப்படியானால் தவறான உத்தரவு கொடுத்தவர் உங்கள் அண்ணன், அதுவும் ஓட்டுநராக இருந்தவர் இப்படிச் செய்யலாமா என்று வருத்தப்பட்டார். பிறகு, அந்த ஒரு மதிப்பெண் விஷயமாக மறுதேர்வு வைக்கச் சொன்னார். மறுதேர்வில் நாய் அவளைப் பார்த்தும் வாலை ஆட்டவில்லை. விதி விதிதானே. அவள் கையாலேயே நூறு போட்டாள். அதற்குத்தான் அந்த மேடையும் பதக்கமும்.

கைதட்டல் காதைத் துளைத்ததும் அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அங்கேதான் தோற்ற நாய்களை வைத்திருப்பார்கள், யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். யாரும் கேட்காமல் மிஞ்சிக் கிடந்தது ஒன்றே ஒன்று. இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் தொல்லை தாங்காமல் கொண்டுவந்து விட்டது. எத்தனை முறை தேர்வு வைத்தாலும் முழு முட்டை வாங்கியது அது. குடையைக் கடித்துக் குதறியது, தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது, இறைச்சியைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது, பொம்மைக் குழந்தை அழுதால் பதறிப்போய் அதை நக்கி நக்கி வாயை அடைத்தது. முன்னே போ என்றால் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். தோற்கத் தோற்க அது பெருத்தது. மற்ற நாய்கள் இழந்ததெல்லாம் இதன் மேல் வந்து சேர்ந்ததோ என்னவோ, இடுப்பு உயரம் வந்துவிட்டது. அதன் வாடை நாலு தெருவுக்கு அடித்தது. அது படுத்து எழுந்த சிமெண்டுத் தரை மறுநாள் வரை சூடாக இருக்கும். கூண்டு கழுவுகிறவர் அதில் உட்கார்ந்துதான் குளிர்காய்வார். அதற்கும் முட்டை என்றே பெயர் விழுந்திருந்தது. முட்டையம்மா தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்த நாய் வந்து, இத்தனை முறை தன்னைத் தோற்கடித்தவள் ஆயிற்றே என்று பார்க்காமல், அரிசி மூட்டை கனத்தில் தன் தலையை அவள் மடியில் போட்டது. வேறு யோசனை தோன்றவில்லை. அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பின்னறைக் கதவை நாயே முட்டித் திறந்தது. அண்ணன் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். திரும்பியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"யாரது, வாசல் முழுக்க நிக்கிறது?" என்றார். பிறகு, "பழுப்பு நிறம். இடது காது கிழிஞ்சிருக்கு. மூக்குல தழும்பு. ஏம்மா, இவ்வளவு அசிங்கமான நாயை எங்க போய்ப் பிடிச்சே?"

அவள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. டாக்டர் வந்தார், விளக்கைக் காட்டினார், தெரியவில்லை. விரலைக் காட்டினார், தெரியவில்லை. நாயைக் காட்டினார், தெரிந்தது. உலகத்தில் அவருக்கு அந்த நாய் மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான். மருத்துவ நூலில் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, நாயைப் பொறுத்தவரை பார்வை சீராக உள்ளது என்று எழுதிக் கொடுத்தார். நாய்க்கு முன்னால் எதைக் கொண்டுபோனாலும் அது கறுப்பு வெட்டாக நாயின் மேல் தெரிந்தது. அப்படித்தான் அவர் தம்ளரைக் கண்டுபிடித்தார், கதவுப் பிடியைக் கண்டுபிடித்தார். அவள் நாயின் முதுகைத் தடவிக்கொடுத்தபோது ஐந்து விரல்கள் தெரிந்தன. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை இப்படி இளைச்சுப் போச்சே பாப்பா," என்றார். அவள் அன்று இரண்டாவது முறையாக அழுதாள்.

கட்டுப் பிரித்ததும் அவரே முற்றத்தில் இறங்கினார். நாயின் முதுகு அவர் கைக்குச் சரியாக எட்டியது. கயிறு இல்லாமல் முற்றத்தைச் சுற்றினார், பிறகு வாசல் வரை, பிறகு தெருமுனை வரை. கால்களில் சதை ஏறியது. அதற்குள் ஊருக்கே மூக்கில் வேர்த்துவிட்டது. தேர்ச்சி பெறாத நாய் பார்வையற்றவரை வழிநடத்துகிறது என்று ஒருவர் புகார் கொடுத்தார். காவலர் வந்து, சான்றிதழ் வாங்கும் வரை தெருவில் இறங்கக் கூடாது, தேர்வுக்கு வராவிட்டால் நாயைக் கொண்டுபோய்விடுவேன் என்றார். இயக்குநருக்கோ வாயெல்லாம் பல். பார்வையையே திருப்பிக் கொடுத்த நாய் தன் நிலையத்து நாய் என்றால் அடுத்த மேடை அவருக்குத்தானே. நாற்பது போதும், தேவைப்பட்டால் கருணை மதிப்பெண்ணும் போடலாம், எப்படியாவது தேர்ச்சியாக்கிவிடுங்கள் என்று அவளுக்கு மாடியிலிருந்து சொன்னார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதிப்பெண் ஏற ஏற நாய் மறையும். மறைந்தால் அண்ணனுக்குச் சுவர்தான். தேர்வே வேண்டாம் என்றால் காவலர் நாயைக் கொண்டுபோய்விடுவார். ஒரே ஒரு நம்பிக்கை, அது எப்போதும் போலத் தோற்றுவிடும், தெரு இல்லாவிட்டாலும் முற்றத்திலாவது அண்ணன் கண்ணில் நிற்கும் என்பதுதான்.

அந்த நாய் அன்றைக்குத்தான் ஒழுங்காக நடந்துகொண்டது. அண்ணன் பிடிவாதமாக அறைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டதும் அதற்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. குடை பட்டென்று விரிந்தது. நாய் கொட்டாவி விட்டது. அவள் பத்து போட்டாள். "ஒரு காது போச்சு பாப்பா," என்றார் அண்ணன். தட்டு விழுந்தது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு பத்து, இன்னொரு காது. இறைச்சித் துண்டைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே ஆட்டினார்கள். "தின்னேன்டா, உன் கால்ல விழறேன், தின்னு," என்று அவர் கெஞ்சினார். நாய் அவருடைய கையை நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. முப்பது. வால் இருந்த இடத்தில் தரை தெரிந்தது. அண்ணனின் முகம் வெளிறிப்போனது. இன்னும் ஒரு பத்து, அதுவும் கருணையாகக்கூட வந்துவிடும். வாலாட்டாததற்கும் பத்து உண்டே, அதையும் போடுங்கள், கதை முடிந்தது என்று ஒலிபெருக்கி குஷியாகச் சொன்னது. வாழ்நாளில் ஒரு நாய்க்குக்கூட அரை மதிப்பெண் கூட்டியோ குறைத்தோ போட்டவள் இல்லை அவள். தாளில் இருந்த மூன்று பத்தையும் ஒரே இழுப்பில் அடித்துவிட்டு, கீழே முட்டை போட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்று ஒலிபெருக்கி அலறியது.

"முழுக்க வாலை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு சார். கவனம் சிதறின நாய். குடையும் தட்டும் அதுக்குக் காதுலயே விழல. விழாததுக்கு எப்படி மார்க் போடறது?"

"வாலா? அங்க வாலே தெரியலையே!"

"ஆடுச்சு சார்."

"யார் பார்த்தது?"

"நான் பார்த்தேன்," என்றார் நாற்காலியில் இருந்த பார்வையற்றவர். "விசிறி மாதிரி ஆடுச்சு."

அவரும் பொய்தான் சொன்னார். தங்கை வாழ்க்கையில் முதல் முறை பொய் சொல்லும்போது அண்ணன் வேறு என்ன செய்வார். நிலையத்தார் உடனே கூடிக் கூடிப் பேசினார்கள். டாக்டர் கொடுத்த சான்றைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அந்த நாயைப் பொறுத்தவரை பார்வை சீராக உள்ளது என்று அதில் தெளிவாக இருந்தது. அறையில் இருந்த வேறு யாரிடமும் அப்படி ஒரு சான்று இல்லை. ஆகவே, சட்டப்படி, நேரில் பார்த்த தகுதியான சாட்சி அவர் ஒருவர்தான். பேனா பிடித்தவர் போட்டதே முடிவு. முட்டை உறுதியானது. காது இரண்டும், வாலும் அந்த நிமிஷமே திரும்பி வந்தன. வந்த வால் குடையைத் தட்டிவிட்டது.

ஒரு பூஜ்யத்தை நிலையம் அதுவரை இவ்வளவு ஆராய்ந்ததில்லை. கடைசியில் சட்டம் தெரிந்த ஒருவர் விளக்கினார்: ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் அது பணிக்கு முயன்ற நாய், எதுவுமே எடுக்காதது பணிநாயும் அல்ல, பணிநாய் ஆக முயன்று தோற்றதும் அல்ல, அது வெறும் நாய். பட்டையும் கைப்பிடியும் இல்லாமல் வெறும் நாயின் முதுகில் கை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தெருவில் நடப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. காவலரும் தலையாட்டினார். முட்டையம்மாவை மட்டும், கண்காணிப்பில் குறை என்று சொல்லி, எடைக்கல் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கற்கள் அசையாமல் இருந்தன, அவளுக்குப் பொழுதே போகவில்லை. அந்த வருடம் இயக்குநருக்கு மேலிடத்திலிருந்து மதிப்பீடு வந்தது. எதிர்த்துப் பேசவில்லை, இடத்தை விட்டு நகரவில்லை, எந்த விஷயத்திலும் மூக்கை நுழைக்கவில்லை என்று அவருக்கும் நூறு கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து நாற்காலியில் கோட்டு மட்டும் உட்கார்ந்திருக்கிறது. கோப்புகள் போகின்றன, கையெழுத்தாகி வருகின்றன. பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று ஊழியர்கள் சொல்கிறார்கள்.

அண்ணன் தனியாக வெளியே போன முதல் நாள், அவள் செருப்பைத் தேடியபோதே அவர் கண்டுபிடித்துவிட்டார். "நீ வராதே," என்றார். "பின்னாடி வந்து பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குக் கால் பின்னுது." அவள் போகவில்லை. ஆற்றங்கரை வரை போய்விட்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குள் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டது, பிள்ளைகள் போனார்கள். கடைகளில் விளக்குப் போட்டார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுக்கு, ஊரில் உள்ள பள்ளங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. ஓடிப் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு முறை இறங்கினாள், இரண்டு முறையும் அவர் சொன்னது ஞாபகம் வந்து ஏறினாள். கடைசியில், போன திசைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து இருவரும் வந்தார்கள். அண்ணனின் வேட்டியெல்லாம் சேறு. நாயின் வாயில் யாருடையதோ ஒரு செருப்பு.

"என்னண்ணா இவ்வளவு நேரம்? உயிரே போச்சு எனக்கு."

"பாலத்துக்கிட்ட உக்காந்துடுச்சு பாப்பா. போன்னு சொல்றேன், திட்டறேன், தள்ளறேன், அசையவே இல்ல. அப்புறம் சுத்திக்கிட்டு வந்தோம்."

"பாலத்துல என்ன இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? போகாதுன்னுச்சு. போகல," என்று சொல்லிவிட்டு, நாயின் முதுகில் வைத்த கையை எடுக்காமல் படியேறி உள்ளே போனார்.

அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் பின்னால் போய், அவர் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள். நாய்க்கும் சேர்த்து மூன்று தட்டில் சோறு போட்டாள்.